மலையை இரண்டு முறை சுற்றிய வேட்பாளர்

அடி அண்ணாமலை,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கிணற்று மோட்டாருக்குத்தான் நடுவில் உடம்பு சரியில்லாமல் போனது, இப்போது அதுவும் தேறிவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் மழையிலும் குளிரிலும் ஜலதோஷம் இல்லாமல் இருக்க அண்ணாமலையாரிடம் சொல்லியிருக்கிறேன். டப்ளின் அவருடைய எல்லைக்குள் வருமா என்று தெரியாது, சொல்லி வைப்பதில் தவறில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். நம் மல்லித் தோட்டத்தைப் பற்றி மாமாவின் நிலைப்பாடுதான் என்ன என்பது ஒன்று, பேசாமல் இப்போதே விற்றுவிட்டு அம்மாவை அங்கே அழைத்துக்கொண்டால் என்ன என்பது இன்னொன்று. நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள், போன் ஸ்பீக்கரில் இருந்தது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் நம் குடும்பக் குழுவில் உன் மாமாவின் பிரச்சார அணி மொத்தமும் சேர்ந்திருக்கிறது, நான் குட் மார்னிங் போட்டால்கூட அதற்குக் கீழே சின்னத்தைப் போடுகிறார்கள். அதனால்தான் தபால். இது உன் கைக்கு வருவதற்குள் தேர்தல் முடிவே உனக்குத் தெரிந்திருக்கும், பரவாயில்லை, முடிவு மட்டும் தெரிந்தவர்களுக்கு நடந்தது தெரிவதில்லை.

பௌர்ணமிக்கு வருகிற வண்டிகளை நிறுத்த நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு நீ இங்கே இருந்தபோதே உண்டு. இப்போது அந்தப் பேச்சு மலையைச் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வந்துவிட்டது. ஏரிக்கரையை ஒட்டிய நிலங்கள் தோதாக இருக்கும் என்கிறார்கள், அந்தத் தோதுக்கு நடுவில்தான் உன் அம்மாவின் குண்டுமல்லி இருக்கிறது. நோட்டீஸ் எதுவும் வரவில்லை, அளக்கவும் யாரும் வரவில்லை, ஆனால் புரோக்கர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், இந்த ஊரில் அரசாங்கத்துக்கு முன்னால் அவர்களுக்குத்தான் தெரியும். இந்த நேரம் பார்த்து உன் மாமா இளஞ்செழியன் சட்டமன்றத்துக்கு நின்றான். இத்தனை வருடம் கொடி கட்டிய கட்சி சீட்டு கொடுக்காததால் சுயேச்சை. ஒதுக்கிய சின்னம் ஊன்றுகோல். முதலில் இளைஞர் அணி முகம் சுளித்தது, பிறகு ஆளுக்கு ஓர் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு கூட்டமாக நடந்தார்கள், பார்க்கிறவர்கள் எலும்பு முறிவு முகாம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உன் முதல் கேள்விக்கு வருகிறேன். நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் தேர்தல் அறிக்கையில் அச்சுப்பிழை பார்க்கும் பொறுப்பை மாமா என்னிடம் கொடுத்தான், ஆகவே அவனுடைய கொள்கைகள் எல்லாவற்றையும் முழுதாகப் படித்தவன் இந்தத் தொகுதியில் நான் ஒருவன்தான், அவனையும் சேர்த்துச் சொல்கிறேன். குரங்குகள் விஷயத்தில் அவன் குரங்குகளுக்கும் குடியிருப்பவர்களுக்கும் சம தூரத்தில் நிற்கிறான், மலையில் பழமரம் நடுவதும் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வலை போடுவதும் ஒரே பத்தியில் வருகின்றன. ரமணாசிரமம் பக்கம் விடுதிக்காரர்களும் காபிக் கடைக்காரர்களும் அமைதி வேண்டும் என்றார்கள், அங்கே மைக்கின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஹாரன் இல்லாத திருவண்ணாமலை என்று பேசினான், கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிரச்சாரம் முழுவதிலும் அவனுக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான், தட்டியவர்களில் ஒருவருக்கும் இங்கே ஓட்டு இல்லை. பௌர்ணமி நெரிசலுக்கு நிரந்தரத் தீர்வு காணப்படும் என்று அறிக்கையில் இருக்கிறது, எங்கே என்று இல்லை. எங்கே என்பதை அவன் ஊருக்கு ஊர் நேரில் சொன்னான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துப் புது வீட்டுக்காரர்கள் எங்கள் ரோட்டில் பஸ் நிற்கக் கூடாது என்றார்கள், அவர்களிடம் மலைக்கு மேற்கே விசாலமாக இடம் கிடக்கிறது, அங்கே கொண்டுபோகிறேன் என்று வாக்குக் கொடுத்தான். ஏதோ ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தைச் சொல்வது போலச் சொன்னானாம். மலைக்கு மேற்கே நாம் இருக்கிறோம். அதே வாரத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் விவசாயியின் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க விடமாட்டேன் என்று பேசினான். ஒருநாள் காலையில் இட்லி சாப்பிட வந்தவனிடம், மச்சான், ரெண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டேன். அது வேற கூட்டம் மாமா, இது வேற கூட்டம் என்றான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், இரண்டு கூட்டத்திலும் இருந்த ஒரே ஆள் அவன் மட்டும்தான்.

உன் அம்மா அறிக்கையைப் படிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அது அவள் அப்பா அவளுக்கென்று எழுதி வைத்த நிலம், பக்கத்திலேயே தன் பங்குக்கு வந்ததை மாமா எப்போதோ விற்றுவிட்டான், அங்கே இப்போது தங்கும் விடுதி இருக்கிறது. எனவே கேட்கிற உரிமை தனக்கு இருக்கிறது என்பது அவள் கணக்கு. இவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா, நான் இருக்கேன்ல என்று சொல்லிச் சாப்பிட்டுப் போவான். ஒருநாள் அவள் தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள், வூட்டுக்குள்ள சொன்னா அது எனக்குச் சொன்னது, நம்ம தெருமுனையில நின்னு மைக்ல சொல்லு, அது ஊருக்குச் சொன்னது, நிலம் போவுமா போவாதா, ஒரே வார்த்தை, அதுக்கப்புறம் ஆரத்தி எடுக்கறேன். தேர்தலில் நிற்கிற தம்பிக்கு அக்கா ஆரத்தி எடுக்கவில்லை என்றால் எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் அடிப்பான், அது அவனுக்கும் தெரியும். கடைசி நாள் சாயங்காலம் கிரிவலம் வந்தபடியே பிரச்சாரத்தை முடிக்கிறோம், நாலு மணிக்கு உன் தெருவில் வண்டி நிக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு அவள் காலையில் பறித்த மல்லியை மார்க்கெட்டுக்கு அனுப்பவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் கற்பூரம் வைத்து, நீ கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வெயில் தாழ்வதற்கு முன்னாலேயே தெருமுனையில் போய் நின்றாள். எதிர்வீட்டு ராஜம்மாளும் இன்னும் பல பெண்களும் கூட நின்றார்கள், நான் சற்று தள்ளி டீக்கடையில் நடுநிலை வகித்தேன். சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தது, பாட்டு வந்தது, ஊன்றுகோல்கள் வந்தன, எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. உன் மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து காதில் போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பேசிக்கொண்டிருந்தான். பேசியது வேங்கிக்கால் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் என்று பிறகு தெரிந்தது, மலைக்கு மேற்கே என்று சொன்னது உறுதிதானா என்று அவர் கடைசி முறையாகக் கேட்டிருக்கிறார், இவன் உறுதி உறுதி என்று சொல்லிக்கொண்டிருந்ததில் மலைக்கு மேற்கே இருக்கிற அக்காவைக் கவனிக்கவில்லை. வண்டி ஓட்டிய ஆதிமூலம் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவான், யாரும் சொல்லவில்லை. அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். ராஜம்மாள்தான், இன்னாடி இது, ஆரத்திய வாங்காம ஆம்புலன்ஸ் மாதிரி போறான் என்றாள்.

அடுத்த வளைவு தாண்டியதும் அவனுக்கு உறைத்திருக்கிறது. வண்டியைத் திருப்பு என்றானாம். இங்கேதான் விஷயம் சிக்கியது. ஆதிமூலம் எஞ்சினையே நிறுத்திவிட்டு, மலைய இடமா சுத்தச் சொல்றியாண்ணே, சாமிக்கு எதிர்ல வந்தா டெபாசிட்கூடத் தேறாது என்று சொல்லிவிட்டான். கிரிவலப் பாதையில் மலை வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் பால் வாங்கப் போகிறவன் பாதி தூரம் இடமாகத்தான் போகிறான், உன் அம்மா தோட்டத்துக்குப் போவதும் இடமாகத்தான், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, ஆனால் அவர்கள் தேர்தலில் நிற்கவில்லை. இளைஞர் அணியில் ஒருவன் ரிவர்ஸில் போகலாம், முகம் வலமாகப் போகிற மாதிரியே இருக்கும் என்று யோசனை சொன்னான். முகம் முக்கியமா சக்கரம் முக்கியமா என்று நடுரோட்டில் விவாதம் நடந்தது. இறங்கி நடந்து வரலாமே என்று கேட்டவனை, எதிர்க்கட்சிக்காரன் வீடியோ எடுத்து வேட்பாளர் சாமியை மறுத்தார் என்று போடுவான் என்று அடக்கிவிட்டார்கள். இளவயதில் மேடை மேடையாகச் சாமி இல்லை என்று பேசியவன் உன் மாமா, அன்றைக்கு ஒரு கூப்பிடு தூரம் இடமாக வர அவனால் முடியவில்லை. கடைசியில் ஒரே வழிதான் மிச்சம் இருந்தது, ஊருக்குள் போய்க் கோயிலைத் தாண்டி மலையை முழுதாக இன்னொரு சுற்றுச் சுற்றி எங்கள் தெருவுக்கு வருவது. அப்படியே செய்தார்கள். அக்கா, வந்துகிட்டே இருக்கேன் என்று போன் வந்தது. விலகிப் போய்க்கொண்டே வந்துகொண்டும் இருக்கிற ஒருவனை நான் கண்டது அன்றைக்குத்தான்.

கடைசி நாள் என்பதால் எல்லா வேட்பாளர்களும் ஊருக்குள்தான் இருந்தார்கள், தேரடித் தெருவில் ஊன்றுகோல் மற்ற சின்னங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வண்டி செங்கம் ரோட்டைப் பிடித்து ஆசிரமத்தைத் தாண்டும்போது மாலை ஆறு மணி அடித்துவிட்டது, அதோடு பிரச்சாரம் முடிந்தது, சட்டம். பறக்கும் படை மறித்து மைக்கை அணைக்கச் சொல்லிக் கொடியைக் கழற்றச் சொல்லி வண்டியை ஓரம் கட்டிவிட்டது. மீதி தூரத்தை அவன் சின்னம் போட்ட துண்டைக்கூடக் கழற்றிவிட்டுத் தனியாக நடந்து வந்தான், வலமாகத்தான். பின்னாலேயே பறக்கும் படை ஜீப்பில் ஓர் அதிகாரி அம்மாவும் ஒரு வீடியோகிராபரும் மெதுவாக வந்தார்கள். அதற்குள் தெருமுனையில் கூட்டம் கலைந்துவிட்டது, அம்மாவும் ராஜம்மாளும் இன்னும் சிலரும்தான். வேர்த்து வழிந்து வந்து நின்றவனைப் பார்த்து ராஜம்மாள், மலைய ரெண்டு சுத்து சுத்திட்ட, உனக்குப் புண்ணியம் ஜாஸ்தி கீது, ஓட்டு கம்மியாதான் வரும் என்றாள். அம்மா சிரிக்கவில்லை. சொல்லு என்றாள். அவன் கடிகாரத்தைக் காட்டி, மணி ஆறு ஆயிடுச்சுக்கா, இனிமே நான் பேசக் கூடாது என்றான், உண்மையைச் சொன்னால் அவன் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. நான் வேட்பாளரைக் கேக்கல, கூடப் பொறந்தவனைக் கேக்கறேன் என்றாள். அதோடு விடாமல் ஜீப்பைப் பார்த்து, ஏம்மா, அக்கா தம்பி பேசிக்கக் கூடாதுன்னு சட்டம் கீதா என்றும் கேட்டாள். அந்த அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓட்டு கேக்காம பேசலாம்ங்க என்றார்.

ஓட்டு கேட்காமல் பேசலாம் என்றதும் உன் மாமாவுக்குப் பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது, தென்றல். பல மாதங்களாக அவன் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. டீக்கடை வாளியில் தண்ணீர் மொண்டு குடித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், நான் ஜெயிச்சா நிலம் போவும்க்கா, வேங்கிக்கால்ல வாக்கு குடுத்துட்டேன், அங்க ஓட்டு ஜாஸ்தி, இங்க கம்மி, நிலம் உனக்கு வேணும்னா எனக்குப் போடாத. அவ்வளவுதான். இந்தத் தேர்தலில் நான் கேட்ட கொள்கை விளக்கங்களில் எனக்கு முழுதாகப் புரிந்தது இது ஒன்றுதான், அச்சுப்பிழையும் இல்லை. வீடியோகிராபர், மேடம், இது பிரச்சாரத்துல வருமா என்று கேட்டார். ஓட்டு போடு என்று சொன்னால் குற்றம், போடாதே என்று தனக்கு எதிராகத் தானே சொன்னால் என்ன என்று அந்த அதிகாரிக்கும் தெரியவில்லை, யாருக்கோ போன் செய்தார், அந்தப் பக்கத்திலும் தெரியவில்லையாம், கடைசியில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள், இடமாகத்தான். உன் அம்மா கற்பூரத்தை ஏற்றினாள். மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரை முச்சந்தியில் ஊற்றிவிட்டு வந்து, சாப்ட்டியாடா என்று கேட்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். ரசமும் அப்பளமும்தான் இருந்தது, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஓட்டுப் போடுகிற அன்று அம்மா முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, ஒருநாள் பொறுத்துக் கேட்டேன். உங்களுக்கு எதுக்கு, அது ரகசியம் என்றாள். சரி, கொள்கையாவது சொல் என்றேன். ஜெயிக்கக்கூடிய மற்ற இரண்டு வேட்பாளர்களும் வண்டி நிறுத்தம் வரும் என்றுதான் பேசினார்கள், எங்கே என்று கடைசி வரை சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும். மல்லியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள், எவன் வந்தாலும் எடுக்கத்தான் பாப்பான், மத்தவன்கிட்ட மனு குடுக்கணும், இவன்னா காதைப் புடிச்சுக் கேக்கலாம். இதிலிருந்து அவள் யாருக்குப் போட்டாள் என்று நீயே ஊகித்துக்கொள், நான் ஊகித்ததைத் தபாலில் எழுத மாட்டேன். நீ கேட்டது சரியான கேள்விதான், மாமா நிலத்தைக் காப்பாற்றுவானா என்றால், மாட்டான். ஆனால் எடுப்பேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் அவன் ஒருவன்தான், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்ணிக்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெஷின்களைப் பூட்டிக் காவல் போட்டுவிட்டார்கள், வேட்பாளர்களுக்குத்தான் போக இடம் இல்லை. நேற்றுக் காலை மாமா சும்மா வந்து உட்கார்ந்தான். அம்மா ஒரு தென்னங்கன்றையும் மண்வெட்டியையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்து, வா, குழி எடு என்றாள். சித்திரை வெயிலில் யாராவது தென்னை வைப்பார்களா, ஆடி வரட்டும் என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்தின் வடக்கு மூலையில், வண்டிகள் நுழையும் வாசல் என்று புரோக்கர்கள் சொல்கிற அதே இடத்தில், தொகுதியின் சுயேச்சை வேட்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு குழி வெட்டினான். எரு போட்டு, கன்றை நட்டு, கிணற்றிலிருந்து தண்ணீரும் அவனையே கொண்டுவந்து ஊற்ற வைத்தாள். எல்லாம் முடிந்து அவன் கையைக் கழுவும்போது, நீ ஜெயிச்சு வந்தா இதை வேற ஆள் வந்து புடுங்கக் கூடாதுடா, நீயே வந்து உன் கையால புடுங்கு என்றாள். போகும்போது திரும்பி வந்து கன்றுக்கு நிழலாக ஒரு பனையோலையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். இதுவும் அவன் கொள்கையில் சேருமா என்று கேட்காதே, அறிக்கையில் இல்லை.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில், விற்பதைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்காதே, டப்ளினுக்கு வரச் சொல்லியும் இப்போதைக்குக் கூப்பிடாதே. போனில் பேசும்போது தென்னங்கன்றில் புதுக் குருத்து விட்டதா என்று மட்டும் கேள், அவள் சந்தோஷமாகப் பேசுவாள், மற்றதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். மாமா போன் செய்தால் வாழ்த்துச் சொல், எதற்கு என்று குறிப்பிட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பனங்கிழங்கு மாவும் அம்மா திரித்த மிளகாய்த் தூளும் அடுத்த பார்சலில் வருகின்றன, தூளை மாப்பிள்ளை கண்ணில் படாமல் வைத்துக்கொள், போன தடவை ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டாராம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததை முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய மனிதர்கள் சூழ வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். அம்மா இப்போது கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறாள், அதனால்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. குடத்தின் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

உன் அன்பு அப்பா,
பரசுராமன்.